'லெட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லும் திருமறை வாசிப்பும்

நம் இறையியல் மாணவர்களும் ஆயர்களும் அருளுரை ஆயத்தத்திற்கு ஆங்கில விளக்கவுரைகளையே பெரும்பாலும் நாடுகின்றனர். அவ்விளக்கவுரைகளிற் பழையவை பலவும் 1611ஆம் ஆண்டு ஆங்கிலத் திருமறையை அடிப்படையாகக் கொண்டவை. அந்த மொழிபெயர்ப்பின் அரிய சொற்களைக் கண்டு எவரும் மயங்குவதில்லை. அறியாத சொல் எதிர்ப்பட்டால் அகராதியைத் திறக்கிறோம். அறிந்த சொல்லே ஆபத்தானது. அகராதியைத் திறக்க வேண்டும் என்ற எண்ணமே அங்கு எழுவதில்லை. அத்தகைய சொற்களில் தலையாயது 'லெட்' என்ற சிறு வினையாகும். தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் பயிலும் பிள்ளையும் அதன் பொருள் 'விடு', 'அனுமதி' என்று கூறிவிடும். ஆயினும் பழைய ஆங்கிலத் திருமறையில் அச்சொல் அனுமதியைக் குறிக்கும் இடங்களும் உண்டு; அதற்கு நேர்மாறாகத் தடையைக் குறிக்கும் இடங்களும் உண்டு; இவ்விரண்டுமன்றிக் கட்டளையைக் குறிக்கும் இடங்களோ மிகப்பல. இம்மூன்றையும் பிரித்தறியாதவர் திருமறையிலே இல்லாத ஒரு போதனையைப் பீடத்திலிருந்து வழங்கக்கூடும்.

ஒரு சொல்லுக்கு எதிரெதிரான இரு பொருள்கள் எவ்வாறு அமைந்தன? உண்மையில் அது ஒரு சொல்லன்று; இரு சொற்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகட்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்று நெடில் பெற்ற வினை ஒன்றும், 'லெட்டன்' என்று குறில் பெற்ற வினை ஒன்றும் தனித்தனியே இருந்தன. முன்னது விடுதல், விட்டுச் செல்லுதல், இசைதல் என்ற பொருள்களை உடையது. ஜெர்மானிய மொழியின் 'லாஸன்' அதன் உடன்பிறப்பு. பின்னது தாமதப்படுத்துதல், தடுத்தல் என்ற பொருளுடையது. மெதுவான, பிந்திய என்ற பொருள்தரும் பெயரடையிலிருந்து அது பிறந்தது. இன்றைய ஆங்கிலத்தில் 'லேட்' என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல் அந்தப் பெயரடையின் வழிவந்ததே. ஒருவனைத் தாமதிக்கச் செய்வது அவனைத் தடுப்பதே அன்றோ? இடைக்கால ஆங்கிலத்தில் உயிரொலிகள் மாறியபோது நெடில் குறுகிற்று. இறுதி அசைகள் தேய்ந்தன. இரு வினைகளும் ஒரே ஒலியில் வந்து முட்டிக்கொண்டன. நம் மொழியில் குறில் நெடில் வேறுபாட்டைக் காத்துவரும் நமக்கு, அவ்வேறுபாடு மறைந்தால் என்ன நேரும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

மொழிநூலார் இன்னும் ஒருபடி பின்னே சென்று, இவ்விரு வினைகளும் தொல்பழங் காலத்தில் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பர். தளர்தல், நெகிழ விடுதல் என்பது அவ்வேரின் பொருள். கையைத் தளர்த்தினால் பிடித்த பொருள் விடுபடும். உடல் தளர்ந்தால் நடை தாமதப்படும். முன்னதிலிருந்து 'விடு' என்ற பொருளும், பின்னதிலிருந்து 'தடு' என்ற பொருளும் கிளைத்தன. களைத்தவன் என்று பொருள்படும் 'லஸ்ஸுஸ்' என்ற இலத்தீன் சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கடைசி என்று பொருள்படும் 'லாஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லோ, 'லேட்' என்பதன் உச்சப்படி வடிவமாகப் பிறந்தது. கடைசிக் காலத்தைப் பற்றிய திருமறைப் பகுதியொன்றிலேயே இந்த 'லெட்' பெரும் மயக்கம் விளைவிப்பதை அடுத்துக் காண்போம்.

தடை என்னும் பொருளில் இவ்வினை 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் வரும் இடங்கள் சிலவே. ஆனால் யாவும் முக்கியமானவை. ஏசாயா 43:13இல் ஆண்டவர் தாம் செயல்படும்போது அதை 'லெட்' செய்பவர் யார் என வினவுகிறார். அதை அனுமதிப்பவர் யார் என்று ஒருவர் பொருள் கொண்டால், எல்லாம் வல்லவர் எவரிடமோ அனுமதி கேட்டு நிற்பது போலாகிவிடும். மாணவர் ஒருவர் இவ்வசனத்தைக் கொண்டு, கடவுளின் செயலுக்கு மனிதரின் இசைவு தேவை என்று நம் வகுப்பில் ஓர் அருளுரையை அழகாகக் கட்டியெழுப்பியதுண்டு. அடித்தளத்தை எடுத்தபின் கட்டடம் நிற்கவில்லை. எபிரேய மூலத்தில் உள்ளது 'ஷூப்' என்ற வினையின் செய்விப்பு வடிவம். திருப்பிவிடுபவர் யார் என்பதே நேர்ப்பொருள். நம் தமிழ்த் திருமறை தடுத்தல் என்ற சொல்லையே கொண்டிருப்பதால், அந்த மாணவர் தம் கையிலிருந்த தமிழ்நூலைப் புரட்டியிருந்தாலே போதுமாயிருந்தது. தாய்மொழி மொழிபெயர்ப்பைத் துணைநூலாகக்கூட மதியாத பழக்கம் நம் கல்லூரிகளில் இன்னும் மறையவில்லை என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறோம்.

உரோமையர் 1:13இல் பவுல் தாம் பலமுறை அங்கு வர விரும்பியும் இதுவரை 'லெட்' செய்யப்பட்டதாக எழுதுகிறார். அங்குள்ள கிரேக்க வினை 'கோலூவோ'. தடுத்தல் என்பதே அதன் பொருள். இதே செய்தியை 15:22இல் அவர் வேறொரு கிரேக்க வினையால் மீண்டும் கூறுகையில், ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் 'ஹிண்டர்' என்ற தெளிவான சொல்லை இட்டுள்ளனர். ஆகவே 15ஆம் அதிகாரம் 1ஆம் அதிகாரத்திற்கு உரைகல்லாக அமைகிறது.

யாத்திராகமம் 5ஆம் அதிகாரம் வியப்பூட்டுவது. முதல் வசனத்தில் மோசேயும் ஆரோனும் பார்வோன்முன் நின்று ஆண்டவரின் மக்களைப் போகவிடும்படி கூறும் இடத்தில் 'லெட்' உண்டு. நான்காம் வசனத்தில் பார்வோன் அவர்களைக் கடிந்து, மக்களை வேலையினின்று ஏன் 'லெட்' செய்கிறீர்கள் என்று கேட்கும் இடத்திலும் 'லெட்' உண்டு. முன்னது விடுவித்தல், பின்னது வேலைக்கு இடையூறு செய்தல். மூன்றே வசனங்களுக்குள் ஒரே ஒலி இரு எதிர்ப்பொருள்களைத் தாங்குகிறது! 1611ஆம் ஆண்டில் வாழ்ந்தவர் இதில் தடுமாறியிரார். 'ஹாம்லெட்' நாடகத்திலும் தன்னைப் பிடித்துத் தடுப்பவர்களை நோக்கி இளவரசன் இவ்வினையைத் தடை என்னும் பொருளிலேயே வழங்குகிறான். மூலத்தில் இரு வேறு எபிரேய வினைகள் உள்ளன. முதல் வசனத்தில் 'ஷாலாக்', அனுப்பிவிடுதல். நான்காம் வசனத்தில் 'பாரா', கட்டுக்குலைந்து போகச் செய்தல். பொன் கன்றுக்குட்டியின் நிகழ்ச்சியில் மக்கள் கட்டுப்பாடிழந்து திரிந்ததைக் குறிக்க 32:25இல் வருவதும் இந்த 'பாரா'தான். கடவுள் விடுதலை என்பதை ஆட்சியாளன் ஒழுங்கின்மை என்கிறான். ஆங்கிலத்தை மட்டும் வாசிப்பவர்க்கு இந்த மோதல் புலப்படாது.

இனி 2 தெசலோனிக்கேயர் 2:6,7. கேட்டின் மகன் வெளிப்படாதபடி ஏதோ ஒன்று, அல்லது யாரோ ஒருவர், நிறுத்திவைக்கும் செய்தி அங்கு வருகிறது. கிரேக்கத்தில் இரு வசனங்களிலும் 'கட்டெக்கோ' என்ற ஒரே வினையே உள்ளது. ஆறாம் வசனத்தில் அஃறிணைப் பாலிலும், ஏழாம் வசனத்தில் ஆண்பாலிலும் வருகிறது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்போ ஆறாம் வசனத்தில் 'வித்ஹோல்ட்' என்றும், ஏழாம் வசனத்தில் 'லெட்' என்றும் சொல்லை மாற்றிக்கொண்டது. ஒரு மூலச்சொல்லுக்கு எங்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைத் தாங்கள் கட்டாயமாகப் பின்பற்றவில்லை என்று அம்மொழிபெயர்ப்பாளர்கள் தம் முகவுரையிலேயே தெரிவித்துள்ளனர். நடையழகுக்கு அது உதவிற்று, ஆராய்ச்சிக்கு உதவவில்லை. ஏழாம் வசனத்தை மட்டும் வாசிப்பவர், அக்கிரமத்தை இப்பொழுது அனுமதிக்கிறவர் இனியும் அனுமதிப்பார் என்று கொள்ள இடமுண்டு. பவுல் கூறுவது முற்றிலும் எதிரானது. 1881ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பு தடுத்துநிறுத்தும் பொருளுடைய 'ரெஸ்ட்ரெயின்' என்ற வினையை இரு வசனங்களிலும் இட்டு இக்குழப்பத்தை நீக்கிற்று. தடுப்பவர் யார் என்ற கேள்வி வேறு. உரோமைப் பேரரசே அது என்று தெர்த்துல்லியனும் கிறிசோஸ்தொமும் கொண்டனர். நற்செய்தி எங்கும் பரவுதலே முடிவைத் தாமதிக்கச் செய்கிறது என்பது கால்வினின் கருத்து. தமக்குத் தெரியவில்லை என்று அகுஸ்தீன் வெளிப்படையாக எழுதினார். இவ்வசனத்தை வைத்துக் காலக்கணக்குப் போடுவோர் அகுஸ்தீனின் அடக்கத்தைச் சிறிது கற்றுக்கொள்ளலாம்.

ஆங்கிலிக்கன் மரபில் வந்த நம் சபையார் பலர்க்கு இப்பொருள் வேறொரு வழியிலும் அறிமுகமானது. ஆங்கிலப் பொது ஜெப நூலில் ஆகமன காலத்தின் நான்காம் ஞாயிறுக்குரிய சிறுஜெபத்தில், நம் பாவங்களால் நாம் தடைப்பட்டு நிற்பதைக் கூறுமிடத்தில், 'லெட்', 'ஹிண்டர்' ஆகிய இரு வினைகளும் அருகருகே நிற்கின்றன. 1549ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இந்த இணை உண்டு. ஒரே பொருளுடைய இரு சொற்களை இணைத்து வழங்குவது அக்கால வழக்கம். சட்டமொழியிலும் இவ்விணை நிலைத்துவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள். அதை உடையவரைத் தடையின்றிச் செல்லவிடும்படி குடியரசுத் தலைவரின் பெயரால் வேண்டும் வாசகத்தில் இவ்விரு சொற்களும் பெயர்களாக நிற்கக் காண்பீர்கள். டென்னிஸ் ஆட்டத்தில் பந்து வலையில் உரசி விழுந்தால் 'லெட்' என்று கூவுவதும் தடைப்பட்டது என்ற பொருளிலேயே. இம்மூன்று மூலைகளில் மட்டுமே பழைய 'லெட்டன்' இன்று ஏறத்தாழ உயிர் வாழ்கிறது. நம் நகரத் தெருக்களில் வீட்டு வாசல்களிற் தொங்கும் 'டு லெட்' பலகையோ மற்றதன் வழிவந்தது. வாடகைக்கு விடுதல் என்று தமிழிலும் அதே 'விடு' அமைந்திருப்பது நோக்கத்தக்கது.

'விடு' என்ற நம் வினையின் விரிவைக் கிரேக்கத்தின் 'அஃபியேமி' நன்கு ஒத்திருக்கிறது. மீனவர் வலைகளை விட்டுவந்தது (மாற்கு 1:18), இலாசருவைக் கட்டவிழ்த்துப் போகவிடுவது (யோவான் 11:44), சிலுவையில் இயேசு பெருங்குரல் விட்டது (மாற்கு 15:37), கடன்களை மன்னிப்பது (மத்தேயு 6:12) ஆகிய அனைத்துக்கும் அந்த ஒரே வினை. பிடியைத் தளர்த்துவதே மன்னிப்பின் அடிப்படைப் படிமம் என்பதை மூலமொழி உணர்த்துகிறது. சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடும்படி இயேசு சீடர்க்குக் கூறும் மாற்கு 10:14இலும் 'அஃபியேமி' வருகிறது. அதை அடுத்தே தடுக்காதிருக்கும்படி கூற 'கோலூவோ' வருகிறது. ஆங்கில 'லெட்' தன் இரு பிறப்புகளில் தாங்கிய இரு பொருள்களும் அந்த ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. நம் பழைய தமிழ்த் திருமறை 'இடங்கொடு', 'தடைபண்ணாதிரு' என்ற சொற்களால் இவ்வேறுபாட்டைச் செம்மையாகக் காட்டியுள்ளது.

எண்ணிக்கையில் மிகுந்ததும் மயக்கத்தில் மிக நுட்பமானதும் மூன்றாம் வழக்கு. ஆங்கிலத்தில் முன்னிலை ஏவலுக்குத் தனி வடிவம் உண்டு. படர்க்கையிலோ தன்மைப் பன்மையிலோ ஏவுவதற்குத் தனி வடிவம் தேய்ந்துபோயிற்று. அக்குறையை நிரப்ப 'லெட்' துணைவினையாயிற்று. தொடக்கநூல் 1:3இல் ஒளியைப் படைக்கும் சொல்லில் ஆங்கிலம் 'லெட்' இடுவது இதனாலேயே. எபிரேயத்தில் 'யெஹி' என்பது ஒரே வினைமுற்று. இலத்தீனில் 'ஃபியாத்' என்பதும் அவ்வாறே. வெளியே காத்திருந்த ஒளியை உள்ளே வரவிட்டார் என்ற கருத்துக்கு அங்கு இடமேயில்லை. அனுமதி என்றால் அனுமதி கோரும் ஒன்று முன்பே இருக்க வேண்டுமே. இல்லாததை இருக்கச் செய்யும் சொல்லுக்கு முன் என்ன காத்திருந்தது?

இவ்விடத்தில் தமிழ் பெற்றுள்ள வளம் ஆங்கிலத்திற்கு இல்லை. நம் இலக்கண நூலார் வகுத்த வியங்கோள் வினைமுற்று வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்ற நான்கு பொருள்களில் வரும். ஆங்கிலத் திருமறையின் 'லெட்' தொடர்களை இந்நான்கின் கீழ்ப் பகுத்துப் பார்த்தால் பல முடிச்சுகள் அவிழும். படைப்பின் சொல் விதித்தல். கெத்செமனேயில் பாத்திரம் நீங்குவதைப் பற்றிய மன்றாட்டு (மத்தேயு 26:39) வேண்டல். வேறு நற்செய்தியை அறிவிப்பவனைப் பற்றிப் பவுல் கலாத்தியர் 1:8இல் உரைப்பது வைதல். வாழ்த்தலுக்கு மட்டும் ஆங்கிலம் பெரும்பாலும் 'லெட்'டின்றியே அமைகிறது. சவுலை மக்கள் வாழ்த்தும் 1 சாமுவேல் 10:24இல் தமிழ் 'வாழ்க' என்று எளிதாய் முடித்துவிடுகிறது. கிறிஸ்துவைச் சிலுவையிலறையக் கூட்டத்தார் கூவிய மத்தேயு 27:22இலும் ஆங்கிலத்தில் 'லெட்' உண்டு. அங்கு எவரும் அனுமதி கேட்கவில்லை. கிரேக்கப் படர்க்கை ஏவலில் ஆணையிட்டு நெருக்குகின்றனர்.

பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த நம் திருமறை, படைப்பின் சொல்லுக்குக் 'கடவது' என்ற முடிவைத் தேர்ந்தது. கடன், கடமை, கடப்பாடு ஆகிய சொற்களோடு உறவுடையது அது. உண்டாகும் கடப்பாடு ஒளிமேல் சுமத்தப்படுகிறது! அனுமதிக்கு நேரெதிரான சொல்லை அம்மொழிபெயர்ப்பாளர் கண்டெடுத்தனர். அந்நடை பழமையானது என்று இளைஞர் ஒதுக்குவர். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'தோன்றுக' என்ற தூய வியங்கோளை இட்டது. இரண்டும் ஆங்கிலத்தைவிடத் தெளிவானவை என்பதே நம் கருத்து.

1 திமோத்தேயு 2:11,12 இவ்வேறுபாட்டால் பொருள் மாறும் இடம். பெண் அமைதியோடு கற்பதைப் பற்றிய 11ஆம் வசனத்தை ஆங்கிலத்தில் வாசிப்பவர், பெண்கள் கற்பதற்குப் பவுல் பெருந்தன்மையுடன் சலுகை வழங்குகிறார் என எண்ணுவர். கிரேக்கத்தில் 'மாந்தனெத்தோ' என்பது படர்க்கை ஏவல். கற்க வேண்டும் என்ற கட்டளை. அனுமதியைக் குறிக்கும் 'எப்பித்ரெப்போ' என்ற தனிச்சொல் அடுத்த வசனத்தில்தான், அதுவும் எதிர்மறையில், வருகிறது. அந்த 12ஆம் வசனத்தைப் பற்றிச் சபைகள் நெடுங்காலம் வழக்காடின. அதற்கு முந்திய கட்டளையைப் பற்றி எவரும் அவ்வளவாக வழக்காடியதில்லை. 'கற்றுக்கொள்ளக்கடவள்' என்ற தமிழ் முடிவு ஏவலின் வலிமையைக் காத்துள்ளது.

தன்மைப் பன்மையில் வரும் 'லெட் அஸ்' என்பதை எபிரேயர் நிருபத்தில் அடிக்கடி காண்கிறோம் (4:14,16, 10:22-24, 12:1). நாம் செய்வோமாக என்ற ஊக்கவுரையே அது. உரோமையர் 5:1இல் மட்டும் ஒரு பாடபேதம் குறுக்கிடுகிறது. கிரேக்கத்தில் 'எக்கொமென்' என்று குறில் ஒகரமாயின் கடவுளோடு நமக்குச் சமாதானம் உண்டு என்றாகும். 'எக்கோமென்' என்று நெடில் ஓகாரமாயின் சமாதானம் உடையவராயிருப்போமாக என்றாகும். 1881ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பு நெடிலை ஏற்று 'லெட் அஸ்' என்று மாற்றிற்று. 1611ஆம் ஆண்டுப் பதிப்பும் நம் பழைய தமிழும் குறிலை ஏற்றன. கைப்படிகளின் சான்று நெடிலுக்கு வலுவானது. ஆனால் பவுலின் வாதப்போக்கு குறிலையே வேண்டுகிறது என்போர் பக்கமே நாம் நிற்கிறோம்.

இச்சிறு வினை நம் ஆயத்துவப் பணியில் மிகுந்த கவலை தருவது துக்க வீட்டிலாகும். குழந்தையை இழந்த பெற்றோரிடம், கடவுள் இதை அனுமதித்தார் என்று கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆங்கிலப் பக்தி நூல்களில் வரும் 'லெட்' தொடரின் நேர்ப்பெயர்ப்பாகவே இது பெரிதும் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அவ்வினை தலையிடாதிருத்தல், விட்டுவைத்தல் என்ற தளர்ந்த பொருளையும் தரும். தமிழில் 'அனுமதி' என்பதோ விண்ணப்பத்தின்மேல் அதிகாரி இடும் கையொப்பத்தை நினைப்பூட்டுகிறது. கேட்கும் தாயின் செவியில் கடவுள் தன் பிள்ளையின் சாவுக்குக் கையொப்பமிட்டார் என்றே அது விழும். இதற்கு ஆதாரமாக யோபு 1:12ஐக் காட்டுவர். அங்கே அனுமதி என்ற வினையே இல்லை. யோபுக்கு உள்ளவை சாத்தானின் கையில் இருப்பதாகவும், அவன்மேல் மட்டும் கைநீட்டலாகாது என்றும் கூறப்படுகிறது. விளக்கமாக அனுமதிக் கொள்கையை ஒருவர் அங்கு வருவிக்கலாம். வசனமே அவ்வாறு சொல்லுகிறது எனலாகாது. சாகும் பிள்ளைக்காக மன்றாடிய தாவீதிடம் ஊழியக்காரர் பேசத் துணியாதிருந்ததைத் திருமறை குறிக்கிறது (2 சாமுவேல் 12:18). சில வீடுகளில் அந்தத் தயக்கமே நமக்கும் தகும்.

விடுதல், இடங்கொடுத்தல் என்ற பொருளில் கடவுளை எழுவாயாகக் கொண்டு வரும் கிரேக்க வினை 'எயாவோ' ஆகும். முற்காலத்தில் எல்லா இனத்தாரையும் அவரவர் வழியில் நடக்க விட்டார் என்னுமிடத்தில் அது உடன்பாட்டில் வருகிறது (அப்போஸ்தலர் 14:16). மிகுந்த ஆறுதல் தரும் இடத்திலோ அது எதிர்மறையில் வருகிறது: நம் வலிமைக்கு மேலாகச் சோதிக்கப்பட அவர் விடார் (1 கொரிந்தியர் 10:13). பித்தினியாவுக்குச் செல்லப் பவுல் முயன்றபோது ஆவியானவர் விடவில்லை என்னும் அப்போஸ்தலர் 16:7இலும் இதே எதிர்மறை. அவ்வசனத்தில் நம் பழைய தமிழ் 'போகவொட்டாதிருந்தார்' என்கிறது. இந்த 'ஒட்டு' என்பதற்கு இசைதல், இடங்கொடுத்தல் என்பது பழம்பொருள். போகட்டும், வரட்டும் என்று நாம் நாள்தோறும் வழங்கும் முற்றுகளும் 'போக ஒட்டும்', 'வர ஒட்டும்' என்பவற்றின் மரூஉ என்று விளக்குவோர் உளர். அவ்வாறாயின் ஆங்கில 'லெட்' துணைவினையான வழியிலேயே நம் 'ஒட்டு'வும் துணைவினையாயிற்று. ஆனால் பசைகொண்டு ஒட்டுவதை மட்டுமே அறிந்த இன்றைய இளைஞர்க்கு 'போகவொட்டாது' என்பது விளங்குவதில்லை. வாலிபர் கூடுகையில் இதை வாசிக்கும்போது அருஞ்சொற்பொருள் சொல்லியே தொடங்க வேண்டியுள்ளது.